இடி இயற்கையின் செயல். சாவு யாருடைய செயல்?

(கண்டியில் தோட்டத் தொழிலாளர் நிரம்பியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்)



பேச எழுந்த நாம் மேடையைப் பார்க்கவில்லை. ஹந்தானை மலையைப் பார்க்கிறோம். இப்பொழுது மணி மூன்று. காலையிலே கண்ணாடி போல் தெளிந்து கிடந்த வானம் அது. பத்து மணிக்குப் பஞ்சுப்பொதி போலச் சிறு முகில்கள் மலை முகட்டிலே தலைகாட்டின. நண்பகலில் அவை கோபுரங்களாயின. இப்பொழுது அடிவயிறு கறுத்து, உச்சி வெளுத்து, ஒரு கோட்டையே வானத்தில் எழுந்து நிற்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்துள் அது வெடிக்கலாம். எனவே சுருக்கமாகப் பேச வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஆயினும், அந்த முகிலைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

அரசியல் மேடையில் முகிலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் சொல்வோம். சில காலத்துக்கு முன்னர் ஒரு முதியவர் கையிலே ஒரு கடிதத்துடன் நம்மிடம் வந்தார். அவருடைய மருமகள் தேயிலை மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். பிற்பகல் நிறுவைக்குக் கூடையை இறக்கும் நேரத்தில் மழை பிடித்தது. கூடையைக் காக்க நிழல் மரத்தடியில் ஒதுங்கினார். மின்னல் அந்த மரத்தில் இறங்கியது. நட்டஈடு கேட்ட குடும்பத்துக்கு வந்த பதில்தான் அந்தக் கடிதம். அது தமிழில் இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய இரண்டு பஸ் ஏறி அவர் கண்டிக்கு வந்திருந்தார். நாம் வாசித்தோம். சாரம் இரண்டே சொற்கள்: 'தெய்வச் செயல்'.

முதியவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தினமும் ரெண்டு மணிக்கு மேலே வரும்னு ரேடியோவிலே சொல்றாங்களே, அதைத் தெய்வமா வந்து ரேடியோவுக்குச் சொல்லுது?"

நாம் சட்டம் கற்றவர்கள். எனினும் அந்தக் கேள்வியைக் காட்டிலும் கூர்மையான ஒரு குறுக்கு விசாரணையை நாம் எந்த நீதிமன்றத்திலும் கேட்டதில்லை. இன்றைய உரை முழுவதும் அந்தக் கேள்விக்கு விடையே.

முதலில், இடிமுகில் எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும். அறியாமையின் மீதுதான் 'தெய்வச் செயல்' என்ற கட்டடம் எழுப்பப்படுகிறது.

பெரும் இடிமழைக்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று ஈரம். இரண்டு, கீழே வெப்பமும் மேலே குளிருமாய் நிலைகுலைந்து நிற்கும் வளிமண்டலம். மூன்று, கீழுள்ள காற்றை மேலே தூக்கிவிடும் ஒரு கை. இம்மூன்றும் சேர்ந்தால் முகில் கோபுரமாகும். ஒன்று குறைந்தால் குட்டிச்சுவராய் நின்றுவிடும்.

காற்று மேலே எழும்பொழுது விரிகிறது, விரியும்பொழுது குளிர்கிறது. ஈரம் முகிலாகாத வரை, ஒவ்வொரு கிலோமீற்றர் உயர்வுக்கும் ஏறத்தாழ 10 பாகை வெப்பத்தை அது இழக்கிறது. ஒரு கட்டத்தில் ஈரம் முகிலாகத் திரண்டதும் நிலைமை மாறுகிறது. நீராவி நீராகும்பொழுது தன்னுள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அதனால் அதன்பின் அக்காற்று கிலோமீற்றருக்கு 5 அல்லது 6 பாகை அளவிலேயே குளிர்கிறது. சூழ்ந்துள்ள காற்று அதனினும் விரைவாகக் குளிர்ந்து செல்லுமாயின், எழுகின்ற காற்று சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருக்கும். நீரில் அமிழ்த்திய தக்கையைப் போல் மேன்மேலும் எழும். இதுவே இடிமுகிலின் எரிபொருள். வெளியிலிருந்து யாரும் அதற்கு விறகு போடுவதில்லை. தன் ஈரத்தையே விறகாக எரித்து அது வளர்கிறது.

இத்தகைய முகிலின் உச்சி நம் நாட்டிலே 15 கிலோமீற்றர் உயரத்தையும் எட்டவல்லது. பிதுருதலாகால மலையைப் போல் ஐந்து மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாலும் அதன் உச்சியைத் தொட மாட்டா. ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலே உறைநிலை. அங்கே பனித்துகள்களும், சிறு ஆலங்கட்டி மணிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதலில் மின்னேற்றம் பிரிகிறது. இலேசான துகள்கள் நேர்மின்னைச் சுமந்து உச்சிக்குச் செல்ல, கனத்த மணிகள் எதிர்மின்னைச் சுமந்து நடுவயிற்றில் தங்குகின்றன. பிரிவினை அளவு கடந்ததும் காற்றின் தடை உடைகிறது. அந்த உடைப்பே மின்னல். அதன் பாதையில் வெப்பம் 30,000 பாகை வரை ஏறும். கதிரவனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. அச்சூட்டில் வெடித்து விரியும் காற்றின் ஓலமே இடி.

இடி கேட்டதும் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று கூவிய நம் பாட்டிமாரை நாம் பழிக்கவில்லை. அவர்கள் கையில் அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் இன்று நம் கையில் வேறு கருவிகள் உண்டு.

அடுத்து, அந்த முகில் ஏன் கண்டியைத் தேடி வருகிறது என்று பார்ப்போம்.

நம் நாடு ஒரு சிறு தீவு. அகன்ற இடத்திலும் குறுக்களவு ஏறத்தாழ 225 கிலோமீற்றர். பகலில் நிலம் சூடேறியதும் கரையோரமெங்கும் கடற்காற்று உள்நோக்கிப் புறப்படுகிறது. அது கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. நடுவிலே நிற்பது மத்திய மலைநாடு. வெயில் பட்ட மலைச்சரிவுகள் தாமும் காற்றை மேலே இழுக்கின்றன. மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த ஈரக்காற்று, ஹந்தானையிலும் நக்கிள்ஸ் தொடரிலும் முட்டி, வேறு வழியின்றி மேலே எழுகிறது. ஈரம் கடல் தந்தது; வெப்பம் கதிரவன் தந்தது; தூக்கும் கை மலை தந்தது. மூன்று பொருள்களும் கண்டி வாசலில் ஒன்றுகூடுகின்றன.

இது ஆண்டு முழுவதும் ஒரே வண்ணம் நிகழ்வதன்று. ஏப்ரல் முதற்பாதியிலே கதிரவன் இத்தீவின் நேர் உச்சியில் நிற்கிறான். மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். பெருங்காற்றுப் பருவங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட இக்காலங்களில்தான் இடியும் மின்னலும் உச்சம் பெறுகின்றன. தென்மேற்குப் பருவத்திலே மழை உண்டு. ஆனால் அது மலைமுகத்தில் பலத்த காற்றோடு நாட்கணக்கில் தூறும் மழை. இடைப்பருவ மழையோ காலையில் சிரித்து மாலையில் சீறும் மழை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இடிமுகில் பெற்ற மழையே அதைக் கொல்வது. விழும் மழை குளிர்ந்த காற்றைத் தன்னோடு கீழே இழுத்து வருகிறது. மழைக்குச் சற்று முன்னர் நம் முகத்தில் சில்லென்று அறையும் காற்று அதுவே. அது கீழே பரவி, முகிலுக்கு உணவூட்டிய சூடான காற்றைத் துண்டித்துவிடும். அதனால் சாதாரண இடிமுகிலின் ஆயுள் ஒரு மணி நேரம் அளவே. ஆனால் உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறுபடுமானால், முகில் சாய்ந்து நிற்கும். மழை ஒரு புறமும் எழும் காற்று மறு புறமுமாய்ப் பிரிந்துவிடும். முகில் பல மணி நேரம் உயிர் வாழும். வங்காளத்துக் கோடைப் புயல்கள் அத்தகையன. 1989 ஏப்ரல் 26ஆம் நாள் வங்காள தேசத்தின் சாட்டூரியாப் பகுதியில் அத்தகைய முகிலிலிருந்து இறங்கிய சுழற்காற்று ஏறத்தாழ 1,300 உயிர்களைக் குடித்தது.

கண்டியில் இடைப்பருவத்தில் மேற்காற்று மெலிந்தே இருக்கும். ஆகவே அத்தகைய சுழற்காற்று இங்கே அரிது. இதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். காற்று மெலிந்திருப்பதால் முகில் நகர்வதில்லை. எந்தப் பள்ளத்தாக்கின் மேல் எழுந்ததோ அதன் தலையிலேயே தன் முழு நீரையும் கொட்டிவிடுகிறது. அதன் குளிர்காற்று அடுத்த சரிவில் மோதி அங்கே புதிய முகிலை எழுப்புகிறது. வங்காளத்தானுக்கு ஆபத்து காற்றிலே. நமக்கு ஆபத்து மின்னலிலும் நீரிலும் மண்ணிலும்.

100 மில்லிமீற்றர் மழை என்று வானொலியில் கேட்கும்பொழுது அது ஒரு சிறு எண்ணாகத் தோன்றுகிறது. ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். கணக்கிட்டுப் பாருங்கள்: ஓர் ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் நான்கு லட்சம் லீற்றருக்கு மேல், 400 தொன் எடை. மரம் வெட்டப்பட்ட செங்குத்துச் சரிவில், ஏற்கெனவே நனைந்து கிடக்கும் மண்ணின் மீது இந்த எடை ஏறுகிறது. மண் துணுக்குகளுக்கிடையே புகுந்த நீர் அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. சரிவு நகர்கிறது. சரிவின் அடியில் என்ன இருக்கிறது? லயம் இருக்கிறது. நம் மக்கள் இருக்கிறார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாளை மறந்தோமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை வேளையில் மலை இறங்கி லயங்களை விழுங்கியது. அந்த நிலம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கும் சாவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஒன்பது ஆண்டுகள் கால அவகாசம் கொடுத்த தெய்வத்தையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல் தனி இடிமுகிலன்று. வங்கக் கடலில் திரண்ட பெருஞ்சுழல். ஆயினும் அதன் எரிபொருளும் இதுவே. அதன் மழைப் பட்டைகளில் நின்றவையும் இதே இனத்து முகில்களே. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது நமது கண்டி. கடற்கரையில் இறங்கிய புயல் கடற்கரையைவிட மலையிலே அதிகம் கொன்றது ஏன்? மேலே சொன்ன கணக்குத்தான் விடை. உலகம் சூடேற ஏற இக்கணக்கு இன்னும் கடுமையாகும்: வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. விறகு மிகுந்தால் நெருப்பு மிகும்.

இனி, சட்டத்துக்கு வருவோம்.

'தெய்வச் செயல்' என்பது ஆங்கில நீதிமன்றங்கள் வளர்த்த ஒரு எதிர்வாதம். 1876இல் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட் என்ற வழக்கிலே, ஒரு சீமாட்டியின் அழகுக் குளங்கள் பெருமழையால் உடைந்து பாலங்களை அடித்துச் சென்றன. யாரும் எதிர்பார்த்திருக்க இயலாத மழை என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் 1917இல் கிறீனொக் நகரசபையின் வழக்கு வந்தது. சிறுவர் விளையாட ஒரு நீர்நிலை அமைப்பதற்காக நகரசபை ஓடையின் போக்கை மாற்றியது. பெருமழையில் வெள்ளம் வழிந்து ரயில்வேயைச் சேதப்படுத்தியது. பெருமழைதானே என்றது நகரசபை. பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. இயற்கையின் வழியை மாற்றியவன் இயற்கையின் மேல் பழிபோட முடியாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

நாம் கேட்கிறோம்: நம் மலைகளின் வழியை மாற்றியவர் யார்? காடு நின்ற சரிவுகளை மொட்டையாக்கியவர் யார்? 1867இல் நம் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அதன்பின் மலை மலையாகக் காடு அழிந்தது. அழித்த சரிவுகளில், தொழிலாளிக்கு இடம் தெரிவுசெய்யும் உரிமை இல்லாதபடி, லயங்கள் எழுந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. நாடற்றவன் நிலம் கேட்க முடியுமா? நிலமற்றவன் ஆபத்தான சரிவை விட்டு எங்கே போவான்? குடியுரிமை திரும்பி வந்துவிட்டது. காணி இன்னும் முழுமையாக வரவில்லை. சரிவின் அடியில் அவன் உறங்குவது தெய்வத்தின் கட்டளையன்று. மனிதர் வகுத்த ஏற்பாடு.

மின்னல் வழக்குகளும் உண்டு. 1904இல் உயர்ந்த சாரத்தின் மீது நின்று வேலை செய்த ஒரு கொத்தன் மின்னலால் இறந்தான். அந்த உயரத்தில் நிறுத்தியது வேலையே. ஆகவே வழமையிலும் மிகுந்த ஆபத்துக்கு அவன் ஆளானான் என்று கூறி இங்கிலாந்து நீதிமன்றம் நட்டஈடு அளித்தது. 1908இல் அயர்லாந்திலே தெருவேலை செய்தவன் மின்னலால் இறந்தபோது, அவனது ஆபத்து மற்றவர்களுக்கும் பொதுவானதே என்று நட்டஈடு மறுக்கப்பட்டது. நமது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், வேலையிலிருந்து எழுந்த விபத்தா, வேலை நேரத்தில் நேர்ந்ததா என்றே கேட்கிறது. சொல்லுங்கள்: திறந்த மலைச்சரிவிலே, இடைப்பருவத்துப் பிற்பகலிலே, நிறுவை முடியும் வரை நிற்க வேண்டிய கொழுந்துப் பெண் சாரத்தின்மேல் நின்ற கொத்தனா, தெருவில் நின்ற தொழிலாளியா? அவர் கொத்தனே என்பது நமது வாதம்.

எதிர்த்தரப்பார் ஒன்று சொல்வர்: எந்தக் குன்றில், எந்த நிமிடத்தில் மின்னல் இறங்கும் என்று எந்த விஞ்ஞானியாலும் கூற இயலாதே என்பர். உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. காலையிலே முகில் மூடியிருந்தால் நிலம் சூடேறாது. அன்று இடி வராமலும் போகலாம். நடு உயரத்தில் வறண்ட காற்றுப் புகுந்தால் முகில் மூச்சுத் திணறிச் சாகலாம். மேலே சூடான காற்றுப் படலம் மூடிபோல் கிடந்தால், பிற்பகல் வரை அடக்கி வைத்துத் திடீரென்று பெரிதாய் வெடிக்கவும் கூடும். ஆயினும் எந்த மாதத்தில், எந்த வேளையில், எத்தகைய சரிவில் ஆபத்து மிகும் என்பது நன்கு தெரியும். வளிமண்டலவியல் திணைக்களம் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடிமழை என்று அறிவிக்கிறது. முன்கூட்டி அறிந்துகொள்ளத்தக்க ஆபத்துக்கு முன்னேற்பாடு செய் என்பதே சட்டம் கேட்பது. நிமிடத்தைச் சொல் என்று அது கேட்கவில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, எச்சரிக்கை தமிழிலும் அதே நேரத்தில் வர வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபொழுது பறிபோவது உத்தியோகம் என்று எண்ணினோம். மொழி மறுக்கப்பட்டால் உயிரும் போகும் என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டது. எனினும் டித்வா நாட்களிலே தமிழில் எச்சரிக்கை பிந்தியது, குறைந்தது என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. வெள்ளம் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருப்பதில்லை.

இரண்டாவது, மழைமானியின் கணக்கு பிரட்டுக்களத்தில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். தோட்டங்களிலே நெடுங்காலமாக மழை அளக்கப்படுகிறது, தேயிலைக்காக அளக்கிறார்கள். அந்த எண் தொழிலாளிக்கும் உரியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற அளவுகளை லயத்துக் குழந்தையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இடி கேட்டால் மலையை விட்டு இறங்கும் உரிமை வேண்டும்; அதற்காகப் பெயர் வெட்டக் கூடாது, கூலி குறையக் கூடாது. மின்னலைக் கண்டு இடி கேட்க மூன்று செக்கன் ஆனால் அது ஒரு கிலோமீற்றர் தொலைவு. முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் ஆபத்து தலைக்கு மேலே. கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் வரை வெளியே வரலாகாது. மரத்தடி புகலிடமன்று; அதுவே பொறி. மலை தோறும் இடிதாங்கி பொருத்திய ஒரு ஒதுங்கிடம் கட்டுவதற்கு ஒரு நாட்டின் பொக்கிஷம் தேவையில்லை.

நான்காவது, ஆபத்தானது என்று குறிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மக்களை அகற்றி, உறுதிப்பத்திரத்துடன் காணி வழங்க வேண்டும். 7 பேர்ச் என்று சொல்லப்பட்ட வாக்குறுதி பாதுகாப்பான மண்ணில் நிறைவேற வேண்டும். ஒரு லயத்தை இடித்து மறு சரிவின் அடியில் வீடு கட்டுவது மாற்றமன்று. சாவின் முகவரியை மாற்றுவதே.

ஐந்தாவது, மின்னலாலும் மண்சரிவாலும் வேலைத்தலத்தில் இறந்தோருக்கு நட்டஈடு வழக்காடாமலே கிடைக்கும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. ஏட்டில் இருக்கும் சட்டம் மலையில் ஏற வேண்டும்.

இவை தமிழர்க்கு மட்டும் உரிய கோரிக்கைகளா? அல்ல. 2016 மே மாதத்தில் அரநாயக்கையில் மலை சரிந்தபொழுது மண்ணுள் புதைந்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். அவர்களுக்காகவும் நாம் அழுதோம். முகிலுக்கு மொழி தெரியாது. மொழி பார்ப்பது எச்சரிக்கை மட்டுமே. அதைத்தான் திருத்தச் சொல்கிறோம்.

அந்த முதியவரின் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஈராண்டு நடந்தோம். ஒரு தொகை கிடைத்தது. ஆனால் 'தெய்வச் செயல்' என்ற சொற்களை யாரும் திரும்பப் பெறவில்லை. பணத்தை வாங்கிக்கொண்ட முதியவர், "இதை எழுதினவங்க ஒரு நாள் மத்தியானம் மலையிலே நின்னு பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தோழர்களே, அதோ, முதல் மின்னல். நாம் எண்ணினோம், நீங்களும் எண்ணியிருப்பீர்கள். இருபது செக்கன். இனியும் பேசினால் நாம் சொன்னதற்கு நாமே மாறு செய்தவராவோம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் செல்லுங்கள். மரத்தடியில் யாரும் நிற்க வேண்டாம். மழை ஓய்ந்ததும் கோரிக்கை மனுவில் கையெழுத்திடுவோம்.